ராதிகாவை வாணி ராணியில்தான் தெரியும், பழைய படங்களில் எதைப் பார்க்கலாம்?

இரவுக்கழுகு:
எங்கள் வீட்டில் பெரியவர்கள் 'ராதிகா எப்பேர்ப்பட்ட நடிகை தெரியுமா' என்று அடிக்கடி சொல்வார்கள். நான் பார்த்ததெல்லாம் வாணி ராணி சீரியல், அப்புறம் லவ் டுடே மாதிரி படங்களில் அம்மா வேடம். அந்தப் பேர் எந்தப் படத்தால் வந்தது? சினிமாவில் வாய்ப்பு குறைந்ததால்தான் சீரியலுக்குப் போனாரா?

பழைய ரீல்:
கிழக்குச் சீமையிலே (1993), வேறு யோசனையே வேண்டாம். கிழக்கே போகும் ரயிலில் (1978) பாஞ்சாலியாக அறிமுகப்படுத்திய அதே பாரதிராஜா, 15 வருஷம் கழித்து விருமாயியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் விஜயகுமார், புருஷன் நெப்போலியன், இரண்டு பேர் வீம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இவர். எல்லாரும் அழுகைக் காட்சிகளைத்தான் பேசுவார்கள், ஆனால் முதல் பாதியில் அண்ணன் மேல் உள்ள பாசத்தை அலட்டிக்கொள்ளாமல் காட்டிவிடுகிறாரே, அதனால்தான் பின்பாதி அப்படி வலிக்கிறது.

கோதாவரி:
சிப்பிக்குள் முத்துவை விட்டுவிட்டீர்களே! விஸ்வநாத் இயக்கிய தெலுங்கு ஸ்வாதி முத்யம் (1986) தமிழில் அந்தப் பெயரில் வந்தது. கமல் படம் என்றே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கமலுக்கு அதில் முழுக்க வெளிப்படையாக ஆட வேண்டிய வேடம், மகனோடு தனியாக நிற்கும் விதவையாக இவர் அடக்கி வாசித்ததால்தான் அது எடுபட்டது. அதற்கு முன்பே, இருபதுகளின் தொடக்கத்தில், மீண்டும் ஒரு காதல் கதையைத் தயாரித்து நடித்தார். பிரதாப் போத்தனுக்கு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்த படம் அது.

ஒன்பதரை மணி:
வாய்ப்பு குறைந்து போனார் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பத்தைந்தைத் தாண்டிய நாயகிக்கு அன்றைய சினிமா அக்கா, அண்ணி வேடம்தான் வைத்திருந்தது. அதற்காகக் காத்திருக்காமல், தன்னை நடுவில் வைத்துத் தன் சொந்தக் கம்பெனி ராடான் மூலமே கதை எடுத்தார். 1999இல் சித்தி, பிறகு அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே என்று வரிசையாக. சித்தி ஓடிய காலத்தில் பல வீடுகளில் ராத்திரி சாப்பாட்டு நேரமே மாறிப்போனது. சம்பளத்துக்கு நடித்துவிட்டுப் போகிறவர் இல்லை, முதலாளி.

குட்டிச்சுவர்:
முதலாளி சரி, நடிப்பு என்ன ஆனது? வாணி ராணி இரட்டை வேடத்தில் வக்கீல் வாணியையும் இல்லத்தரசி ராணியையும் நடை பேச்சிலேயே பிரித்துக் காட்டினார், அதை மறுக்கவில்லை. ஆனால் 2013இல் தொடங்கி 2018 வரை அதே குளோசப், அதே பின்னணி இசை என்று இழுத்தால் யார் நடிப்பும் தேய்ந்துதான் போகும். அதே சமயத்தில் வந்த தர்மதுரையில் (2016) விஜய் சேதுபதியின் அம்மாவாகப் பாருங்கள், சீரியல் சத்தம் கொஞ்சமும் இல்லை. இயக்குநர் சரியாக இருந்தால் இன்னும் எவ்வளவோ வாங்கலாம் அவரிடம்.

இரவுக்கழுகு:
சரி, இந்த வாரம் கிழக்குச் சீமையிலே, அப்புறம் சிப்பிக்குள் முத்து. மீண்டும் ஒரு காதல் கதை நல்ல பிரிண்ட்டில் எங்காவது கிடைக்குமா?