அந்த ஓலைய தொடாண்டாம் மக்ளே

எல்லாருக்கும் வணக்கம். போன மடல்ல நம்ம தம்பி ஒருத்தன் கேட்டிருந்தான், ஆளுக்கு கொஞ்சம் போட்டு நாகராஜா கோயில் மூலஸ்தானத்து ஓலையப் பிரிச்சுட்டு காங்கிரீட்டோ செம்புத் தகடோ போட்டுக் குடுத்தா என்னன்னு. நல்ல மனசுதான், ஆனா மக்ளே, அது காசில்லாம கெடக்க ஓலை இல்ல. புல்லறுத்த பெண்ணோட அருவா பட்டு கல்லுல ரத்தம் வந்துச்சுன்னும், அங்க ஊர்க்காரங்க குடிசை கட்டி கும்பிட்டாங்கன்னும் கத உண்டுல்லா, அந்தக் குடிசையத்தான் இன்னும் வருசா வருசம் ஆடியில புதுசா வேய்ஞ்சு வச்சிருக்காவ. நாகர்கோவில்ங்கிற பேரே அங்கேருந்து வந்தது, 2019ல மாநகராட்சியும் ஆயாச்சு, சுத்தி எத்தன மாடிக் கெட்டிடம் வந்தாலும் பேரு குடுத்த சாமி ஓலைக்கடியிலதான் இருக்காரு, எனக்கு அதுல ஒரு கெத்து உண்டு.

இன்னொண்ணு, மூலவரு நாகராஜா, ஆனா தையில கொடியேறி தேரு ஓடுறது அதே கோயில்ல இருக்க பெருமாளு அனந்தகிருஷ்ணனுக்கு. பெருமாள் சன்னதின்னா கொடிமரத்துல கருடன்தான இருக்கணும், இங்க ஆமை! பாம்புக்கு ஆகாதவர எப்பிடி உள்ள விடுவாவ. தூண்ல சமணத் தீர்த்தங்கரரு பார்சுவநாதர், மகாவீரரு சிற்பமும் உண்டு, 16ஆம் நூற்றாண்டு கல்வெட்டுல குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர்னு சமணப் பண்டிதங்க பேரு இருக்கு. சின்னதுல அந்தத் தூண்ல சாரி நின்னு பொரிகடல தின்னதோட சரி, யாரு எவருன்னு எவன் பாத்தான்.

ஆவணி ஞாயித்துக்கெழம ஞாபகம் இருக்கா? விடியக்காலமே பஸ்சு பஸ்சா வந்து எறங்குவாவ, தூக்குவாளியில பாலு, தாள்ல பொதிஞ்ச மஞ்சப்பொடி. அம்மைக்க கூட வரிசையில நிப்பேன், அரசமரத்து மூட்டுல கல்லு நாகரு ஒண்ணொண்ணா பாலு ஊத்தி மஞ்ச தடவி வரதுக்குள்ள தரையெல்லாம் பாலும் மஞ்சளும் தண்ணியுமா கால்ல பிசுபிசுன்னு ஒட்டும், வீட்டுக்கு வந்து கழுவினாலும் நகக்கண்ணுல மஞ்ச ரெண்டு நாளைக்குப் போவாது. கோயில் திடல்ல கட்சிக் கூட்டம் நடந்தாலும் "நாகராஜா திடல்ல கூட்டம்"னுதான் பேச்சு, சாமி பேரு சொல்லாம ஊர்ல ஒரு காரியமும் நடக்காது.

அதனால பிரிக்கிற காச கூரைக்கு வேண்டாம், ஆவணிக்கு வாற கூட்டத்துக்கு குடிதண்ணி, மோரு குடுக்க வச்சுக்கிடுவோம், கோயில்ல கேட்டுட்டு செய்யலாம்ங்கறது என் அபிப்பிராயம். அண்ணாச்சிமாரு என்ன சொல்லுதிய?

பிறகு, இந்த ஆவணிக்கு ஊர்ல இருக்கவங்க எனக்கு ரெண்டு பொதி, மூலஸ்தானத்துலேருந்து எடுத்துக் குடுக்க பிரசாத மண்ணு வாங்கி வச்சிருங்க. ஆறு மாசம் கறுப்பு, ஆறு மாசம் வெளுப்புன்னு சொல்லுவாவல்லா, போன தடவ கொண்டுவந்தது எந்த நெறம்னு பாக்கதுக்கு முன்ன சட்டப் பையோட வாஷிங் மிஷின்ல போயிட்டு. வீட்டுக்காரி இன்னும் பேசுதா.