இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களுக்குப் பிறகு நேரே வேலைநீக்கமா?

கேள்வி: வணக்கம். மலேசியாவின் பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் என் தம்பிக்குத் தாமத வருகைக்காக இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்திருந்தன. சென்ற வாரம் விசாரணை ஏதுமின்றி வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவன் தொழிற்சங்க உறுப்பினர். இந்த நீக்கம் செல்லுமா?

பதில் 1: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும், அதற்காக அவரை இடைநீக்கம் செய்தாலும் அது இரண்டு வாரங்களைத் தாண்டக் கூடாது, அந்நாள்களுக்குப் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். எத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகு நீக்கலாம் என்று சட்டம் கணக்கு வைக்கவில்லை. அதைச் சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

பதில் 2: உண்மைதான், ஆனால் விசாரணை நடக்கவில்லை என்ற ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம் ஐயா. தொழிலியல் நீதிமன்றம் சாட்சியங்களைப் புதிதாகவே கேட்கும் என்பதால், அந்தக் குறையை முதலாளி அங்கே ஈடுசெய்துவிட முடியும். வருகைப் பதிவு, மருத்துவச் சான்று, பழைய கடிதங்கள் அனைத்தையும் இப்போதே திரட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. சங்கச் செயலாளர் நிர்வாகத்துடன் பேசி வருகிறார். அது முடியும்வரை பொறுக்கலாமா?

பதில் 2: பேசட்டும், நல்லதே. ஆயினும் 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ், மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரும் மனுவை நீக்கப்பட்ட 60 நாள்களுக்குள் தொழிலுறவுத் துறையிடம் கொடுத்தாக வேண்டும். பேச்சுவார்த்தைக்காக அந்தக் கெடு நிற்காது.