பின் சில்லுகளின் டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றலாமா? (கொரோலா 110)

உப்புவெளியான்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1998 ஆம் ஆண்டுக் கொரோலா 110 ஒன்று இருக்கிறது. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம். வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். சென்ற மாதம் அம்மாவைக் கண்டியில் வைத்தியரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, கண்டி–மாத்தளை வீதியின் பலகடுவ இறக்கத்தில் பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கத் தொடங்கியது. கருகிய மணமும் வந்தது. மாத்தளைக்கு முன்னரே ஓரங்கட்டி அரை மணிநேரம் ஆறவிட்ட பின்புதான் பயணத்தைத் தொடர்ந்தோம். கைப்பிரேக்கும் சரியில்லை. கோணேசர் கோவில் ஏற்றத்தில் நிறுத்தினால், லீவரைக் கடைசிப் பல்வரை இழுத்தாலும் கார் மெல்லப் பின்னால் நகர்கிறது. மனைவி இறங்கிச் சில்லுக்குக் கல் வைக்கிறார்.

பின்னுக்கும் டிஸ்க் போட்டால் எல்லாம் தீரும் என்று கராஜில் ஒருவர் சொல்கிறார். கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய காரிலிருந்து கழற்றிய பின்சில்லு டிஸ்க் செட் எடுக்கலாமாம். அதை வாங்கிப் பூட்டினால் மட்டும் போதுமா, மிதித்ததும் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்ப்பையும் மாற்ற வேண்டுமா, கைப்பிரேக்குக்கு என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய பாஸ்:

தம்பி, செட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்னர் ஒன்றைச் சொல்லுங்கள்: கருகிய மணம் முன் சில்லிலிருந்து வந்ததா, பின் சில்லிலிருந்து வந்ததா? அடுத்த முறை இறக்கம் முடிந்து நிறுத்தியதும், தொடாமல், ரிம்முக்கு அருகில் உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். முன்னிரண்டும் அனலாகவும் பின்னிரண்டும் வெதுவெதுப்பாகவும் இருந்தால், உங்களுடைய பின் பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது. முன்சில்லு இழுக்கும் காரில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால், சாதாரணமாகவே 70 சதவீதம் அளவுக்கு முன் பிரேக்தான் சுமக்கும். மிச்சத்தையும் அதன் தலையில் போட்டால் கருகாமல் என்ன செய்யும்? பின் சில்லைப் பிடிக்கும் கைப்பிரேக் கடைசிப் பல்வரை வருவதும் அதே கதையைத்தான் சொல்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிரம்முக்குள் இருந்து அதை உரசிப் பிடிக்கும் இரண்டு ஷூக்களில் முன்னோக்கிய ஷூவை, சுழலும் டிரம்மே தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். அதனால் ஷூக்களைத் தள்ளச் சிறிய வீல் சிலிண்டரும் குறைந்த அழுத்தமும் போதும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. ஆகவே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரின் பிஸ்டன் பெரிதாக இருக்க வேண்டும். உதாரணமாக, 17.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள வீல் சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 240 சதுர மில்லிமீற்றர். 30 மில்லிமீற்றர் கலிப்பர் பிஸ்டனுக்கு அது 707. ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே மாஸ்டர் பம்ப்பை வைத்துக்கொண்டு அந்தப் பிஸ்டனை நகர்த்தப் போனால் மிதி நீளமாகப் போகக்கூடும்.

அதைவிடப் பெரிய விடயம், பின் பக்கத்துக்குப் போகும் அழுத்தத்தை ஓர் அளவுக்கு மேல் குறைத்து அனுப்பும் புரொபோஷனிங் வால்வு. அது உங்கள் காரின் டிரம்முக்கென்றே கணக்குப் பார்த்து வைத்தது. டிஸ்க்கைப் பூட்டிவிட்டு வால்வை அப்படியே விட்டால், ஒன்றில் பின் பிரேக் போதாமல் இருக்கும், அல்லது முன் சில்லுக்கு முதல் பின் சில்லு சுழலாமல் பூட்டிக்கொள்ளும். முன் சில்லு பூட்டினால் கார் நேராகச் சறுக்கும்; பின் சில்லு பூட்டினால் கார் சுழலும்.

முதலில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் ஒயில் எப்போது மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக்கூடாது. ஈரம் உறிஞ்சிய பின்னர் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். ஒயில் கொதித்துக் குமிழி வந்தால் மிதி கீழே இறங்கும்; உங்களுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

தம்பலகாமத்தான்:

நான் இந்த வேலையைச் செய்தவன் என்பதால் எழுதுகிறேன். என்னுடைய பழைய லான்சருக்கு, அதே வரிசையில் பின் டிஸ்க்குடன் வந்த காரிலிருந்து ஹப், கலிப்பர், கைப்பிரேக் கேபிள் எல்லாம் எடுத்துப் பூட்டினேன். வால்வை மட்டும் எடுக்கவில்லை. தேவையில்லை என்று பூட்டியவர் சொன்னார். மார்கழி மழையில் கந்தளாய்ப் பக்கம் வரும்போது வீதிக்கு மாடு ஒன்று வந்தது. மிதித்தேன், காரின் வால் வலது பக்கம் திரும்பி, எதிர்ப்பக்க மண்ணில் போய் நின்றது. மாட்டுக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னர் கொழும்புக்கு மீண்டும் அலைந்து அந்தக் காரின் வால்வையே தேடிப் பூட்டிய பிறகுதான் சரிவந்தது.

செய்துதான் ஆகவேண்டுமென்றால், ஒரே காரிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். சில டிஸ்க் செட்களில் கைப்பிரேக்குக்கென ரோட்டரின், அதாவது டிஸ்க் தட்டின், நடுவில் சிறிய டிரம் ஒன்று இருக்கும். சிலவற்றில் கலிப்பரே கேபிளால் இறுகும். உங்களுடைய கேபிள் இரண்டுக்கும் நேரடியாகப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். 13 அங்குல ரிம் என்றால், அது கலிப்பரில் முட்டுமா என்பதைக் காசு கொடுக்க முதல் பாருங்கள். கடற்கரையில் குடியிருப்பவருக்கு இன்னொன்று: பின் கலிப்பருக்கு வேலை குறைவு, ஆகவே உப்புக்காற்றில் அது நகர்வதற்கான சிலைட் பின்கள் (சறுக்கு ஊசிகள்) முன் கலிப்பரைவிடச் சுலபமாக இறுகிவிடும். எனக்கு இரண்டாவது வருடமே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது.

உப்புவெளியான்:

பழைய பாஸ் ஐயா சொன்னபடி நேற்று இரண்டு டிரம்களையும் கழற்றினோம். இடது பக்கத்தில் வீல் சிலிண்டரின் ரப்பரை விரலால் தூக்கியதும் ஒயில் வழிந்தது. கீழ்ப்பாதி லைனிங் கறுத்து ஈரமாக, பளபளவென்று இருந்தது. வலது பக்கம் காய்ந்திருந்தாலும், ஷூ தேயத் தேய அதை டிரம்முக்கு அருகில் வைத்திருக்கும் அட்ஜஸ்டரின் பல்சில்லு துருவேறி ஒரே கட்டியாகிவிட்டது. ஸ்குரூடிரைவரால் தட்டியும் அசையவில்லை. லைனிங் இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது, அதாவது அந்த ஷூ நெடுங்காலமாக டிரம்மைத் தொடவே இல்லை. முன்னர் கைப்பிரேக் தளர்ந்தபோதெல்லாம் ஷூவைக் கவனிக்காமல் கேபிளை மட்டும் இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒயில் நான் வாங்கிய நாளிலிருந்து மாற்றவில்லை. வாங்கி நான்கு வருடமாகிறது.

டிஸ்க் எண்ணத்தைக் கைவிட்டேன். இரண்டு வீல் சிலிண்டர், புது ஷூ, அட்ஜஸ்டர் செட் ஆகியவற்றை நகரிலேயே வாங்கிவிட்டேன். டிரம்மைக் கடைய வேண்டுமா?

பழைய பாஸ்:

டிரம்மின் மேல் அதன் உச்ச விட்டம் பொறித்திருக்கும். உள்விட்டத்தை அளந்து, கடைந்த பின்னும் அந்த அளவுக்குள் நின்றால் மட்டும் கடையுங்கள்; இல்லையென்றால் டிரம்மை மாற்றுங்கள். ஒயில் பட்ட ஷூவைக் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு பக்கமும் புதிதாகவே போடுங்கள்.

பூட்டும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் கைப்பிரேக் கேபிளை முழுவதும் தளர்த்துங்கள். இறுகிய கேபிள் ஷூவைப் பழைய இடத்துக்குத் திரும்ப விடாது, அட்ஜஸ்டரும் தன் வேலையைச் செய்யாது. பிறகு டிரம்மைக் கையால் சுற்றும்போது இலேசாக உரசும்வரை ஷூவை விரித்து, பிரேக் குழாயிலுள்ள காற்றை எடுத்து, மிதியைப் பல தடவை மிதித்துப் பார்த்த பின்னரே கேபிளுக்கு வாருங்கள். டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டில் அட்ஜஸ்ட் செய்யும் துவாரத்துக்கு ஒரு ரப்பர் மூடி உண்டு. உங்களுடையதில் அது இருக்கிறதா? பெரும்பாலான கார்களில் விழுந்துபோயிருக்கும், உப்பும் மணலும் அதன் வழியாகத்தான் உள்ளே போகும்.

உப்புவெளியான்:

இடது பக்கம் மூடி இருக்கிறது. வலது பக்கம் இல்லை.

பழைய பாஸ்:

அந்தப் பல்சில்லு கட்டியானதற்குக் காரணம் அதுதான். மூடி கிடைக்கும்வரை துவாரத்தைத் திறந்து விடாதீர்கள்.