திருவிதாங்கூர்க் காலத்து நிலப்படக் கட்டு: அசல்போலவே அச்சிடுவது எப்படி?

நாகர்கோவில் வாசகர்:
வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துப் பீரோவில், அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களையும் காட்டும் 22 நிலப்படங்கள் ஒரே கட்டாகக் கிடைத்துள்ளன. மைலுக்கு நான்கு அங்குலம் என்ற அளவில் கையால் வரையப்பட்டவை, ஆண்டு குறிக்கப்படவில்லை. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற அதிகாரிகள் நடத்திய அளவையின் படிகள் இவை என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். 200 பிரதிகள் அச்சிட விரும்புகிறோம். செலவு கருதி 70 விழுக்காடாகச் சுருக்கலாமா? கறைகளைக் கணினியில் நீக்கலாமா? ஒரு படத்தில் பழையாறு நடுமடிப்புக்குள் போய், மறுபுறம் மணக்குடிக்கு அருகில்தான் வெளிவருகிறது. ஆனாலும் கட்டைப் பிரிக்க மனம் வரவில்லை.

சிவகாசி அச்சுக்காரர்:
அண்ணாச்சி, சுருக்க வேண்டாம். படத்தின் மூலையில் ‘மைலுக்கு நான்கு அங்குலம்’ என்று எழுதியிருந்தால், சுருக்கிய பிரதியில் அது 2.8 அங்குலமாகி, எழுத்து பொய்யாகிவிடும். கோடாக வரைந்த அளவுகோல் மட்டுமே சரியாக இருக்கும். அசல் அளவிலேயே அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுணுக்கத்தில் ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் நிறம் ஒப்பிட வண்ண அட்டையும் அளவு ஒப்பிட அடிக்கோலும் பதிவாகட்டும். நான்கு வண்ண ஆப்செட்டில், மயிரிழைபோன்ற பேனாக் கோடு புள்ளிகளாகச் சிதறும் என்பதால், ப்ரூஃபை (மாதிரி அச்சை) லென்ஸ் வைத்துப் பார்க்காமல் பிளேட்டுக்கு (அச்சுத் தகட்டுக்கு) ஒப்புதல் தராதீர்கள்.

பழந்தாள்:
கட்டைப் பிரிக்காதிருப்பதே நல்லது. தொட்டில் வடிவத் தாங்கியில் வைத்து, மேலிருந்து கேமராவால் இரு பாதிகளையும் சற்று மேற்பொருந்தப் படமெடுத்து இணைக்கலாம். காட்டுப் பகுதிகளுக்குப் பச்சை தீட்டியிருந்தால் கவனம் தேவை: செம்புக் களிம்பிலிருந்து செய்த பச்சை காலப்போக்கில் தாளை அரித்துவிடுவதால், அழுத்தி விரித்தால் அந்த இடம் மட்டும் உதிரும். மேலும், ஈரத்தில் தாள் இழையின் குறுக்குவாக்கில் கூடுதலாக விரியும். இரண்டு பருவமழையும் பெய்யும் உங்கள் மாவட்டத்தில், பாதியை ஐப்பசியிலும் மீதியை மாசியிலும் எடுத்தால் அடுத்தடுத்த படங்களின் எல்லைகள் பொருந்தாமல் போகலாம். எல்லாவற்றையும் மாசி, பங்குனியில் ஒரே மூச்சில் முடியுங்கள்.

கறைகளை நீக்குவது எனக்கு உடன்பாடில்லை. எது கறை, எது வரைந்தவர் வைத்த குளப் புள்ளி என்று கணினிக்குத் தெரியாது.

நாகர்கோவில் வாசகர்:
மிக்க நன்றி. முகப்பில் வார்டு, கானர் பெயரைப் போடலாமா?

பழந்தாள்:
இப்போதைக்கு வேண்டாம், ஐயா. பின்புறம் துணி ஒட்டாத தாள் ஒன்றேனும் கட்டில் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாட்மன் போன்ற ஆலைகளின் தாளில் பெயரோடு ஆண்டும் தாளுக்குள்ளேயே பதிந்த நீர்க்குறியாக இருப்பதுண்டு. அதில் 1820-க்குப் பிந்தைய ஆண்டு தெரிந்தால், அந்தப் படம் அளவை நடந்தபோதே வரைந்த மூலம் அல்ல, அதிகம் போனால் பிற்காலப் படிதான் என்பது உறுதியாகும். அதுவரை ‘ஆண்டு அறியப்படாதவை’ என்றே அச்சிடுங்கள்.