புதிதாக வந்த பெரியவரின் பதினோரு பக்கங்களை ஒரே ராத்திரியில் மீளமைத்துவிட்டேன். இப்போது எப்படிப் பேசுவது?

சேலத்துக்காரி கேட்டது:

விக்கிமூலத்துல, அதான் யார் வேணும்னாலும் தொகுக்கக்கூடிய இணைய நூலகத்துல, மெய்ப்பு பார்க்கிறவங்க யாராவது இங்க இருந்தா ஒரு வழி சொல்லுங்க. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் அங்க நாலு வருஷமா இருக்கேன். பகல்ல ஆடிட்டர் ஆபீஸ், ஜிஎஸ்டி கணக்கு. ராத்திரி சாப்பிட்டுட்டு ரெண்டு பக்கம், மூணு பக்கம்னு பார்ப்பேன். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: நாட்டுடைமை ஆன பழைய புத்தகங்களோட ஸ்கேன் படம் ஒரு பக்கம் இருக்கும், கணினி அதைப் படிச்சுக் குடுத்த எழுத்து இன்னொரு பக்கம் இருக்கும். ரெண்டையும் ஒப்பிட்டுத் திருத்தணும். யாரும் தொடாத பக்கம் சிவப்பு. ஒருத்தர் பார்த்து முடிச்சா மஞ்சள். வேற ஒருத்தர் மறுபடி பார்த்தா பச்சை. மஞ்சள் போட்டவரே பச்சை போட முடியாது.

போன வாரம் ஐம்பதுகள்ல அச்சான ஒரு கட்டுரைத் தொகுப்புல திடீர்னு பதினோரு பக்கம் மஞ்சளா நின்னுச்சு. அந்தப் புத்தகத்தை நான் ஒருத்திதான் பார்த்துட்டு இருந்தேன். யார்னு பார்த்தா புதுக் கணக்கு, மூணு நாள்தான் ஆகுது. முதல் பக்கத்தைத் திறந்தேன். படத்துல 'ஸமூகம்'னு இருக்கு, இவர் 'சமூகம்'னு போட்டிருக்கார். புத்தகத்துல ஒற்று இல்லாத இடத்துல எல்லாம் ஒற்று போட்டிருக்கார். ஒரு பெரிய பத்தியை அழகா ரெண்டா வேற பிரிச்சிருக்கார். அச்சுல உள்ளது உள்ளபடிதான் இருக்கணும்ங்கிறது எங்களுக்கு அரிச்சுவடி. எனக்குச் சுள்ளுன்னு ஏறிடுச்சு. அன்னிக்கு ஜிஎஸ்டி கடைசித் தேதி வேற. ராத்திரி 11.40-க்கு பதினொண்ணையும் வரிசையா மீளமைச்சுட்டேன், அதாவது அவர் செஞ்சதை எல்லாம் நீக்கி முன்ன இருந்தபடியே ஆக்கிட்டேன். காரணம்னு ஒரு வரிகூட எழுதலை.

அப்புறம் பழக்க தோஷத்துல அவர் பேச்சுப் பக்கத்துல வரவேற்பு வார்ப்புருவை, புதுசா வர்ற எல்லாருக்கும் போடுற ஆயத்தச் செய்தியை, ஒட்டினேன். அதாவது அவர் காலையில எழுந்து பார்த்தா 'வருக! வருக!'ன்னு ஒரு செய்தி, 'உங்கள் தொகுப்பு மீளமைக்கப்பட்டது'ன்னு பதினோரு செய்தி.

மறுநாள் மத்தியானம் ஆபீஸ்ல டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சுக்கிட்டு அவர் பயனர் பக்கத்தைப் பார்த்தேன். மூணே வரி. "அச்சகத்தில் 41 வருடம். கம்பாசிட்டர், பிறகு ஃபோர்மேன், புரூஃப். கண் ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாகத் தெரிகிறது, ஏதாவது வேலை கொடுங்கள்."

அதுக்கு அப்புறம் சோறு இறங்கலை. சாயங்காலம் வந்து அவர் பக்கங்களை முன்னும் பின்னும் வெச்சு ஒப்பிட்டேன். கணினி 'ஊர்' எல்லாத்தையும் 'உளர்'னு படிச்சிருந்துச்சு, ஒண்ணு விடாம மாத்தியிருக்கார். 'காரணம்', 'கரரணம்'னு இருந்துச்சு, அதையும். கௌரவத்துல 'கெ'வும் 'ள'வும் ஒட்டிக்கிட்டு நிக்கிறதை நானே பல தடவை கோட்டை விட்டிருக்கேன். இவர் விடலை. அந்தத் திருத்தம் எல்லாம் என் மீளமைப்பில போச்சு. சரியா இருந்த ஊரை நானே மறுபடி உளர் ஆக்கி வெச்சிருக்கேன்.

ஆறு நாளாச்சு. அவர் ஒரு வார்த்தை பேசலை, ஒரு பக்கமும் தொடலை. என்ன எழுதுறது? மன்னிப்பு மட்டும் கேட்டா விதியை எப்பச் சொல்றது? விதியைச் சொன்னா மன்னிப்பு மாதிரி இருக்குமா?

ஒற்றெழுத்து சொன்னது:

மூலத்தில் உள்ளபடி இருக்க வேண்டும் என்றது சரி. ஆனால் மீளமைக்கும் பொத்தான் விளம்பரக் குப்பை கொட்டுகிறவர்களுக்காக வைத்தது. மூன்று நாள் உட்கார்ந்து வேலை பார்த்தவர் மேல் அதைப் பாய்ச்சியிருக்கக் கூடாது.

முதலில் உங்கள் மீளமைப்பை நீங்களே மீளமையுங்கள், பதினோரு பக்கத்திலும். அவருடைய 'ஊர்' திரும்பிவிடும், மஞ்சளும் திரும்பிவிடும். பிறகு வேண்டாத ஒற்றுகளையும் பத்திப் பிரிப்பையும் மட்டும் கையால் எடுங்கள். தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதும் வரியில், இந்தத் தடவையாவது காரணம் எழுதுங்கள். அவர் மஞ்சள் போட்ட பக்கத்துக்குத்தானே நீங்கள் பச்சை போட முடியும்? நாலு வருடமாக ஒற்றை ஆளாக ஒரு புத்தகத்தை இழுத்துக்கொண்டிருக்கிறவருக்கு இரண்டாவது கண் கிடைத்ததை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தக் காலப் புத்தகம் என்றால் படத்தில் பழைய றா, லை, னை எல்லாம் இருக்கும். அவற்றை நாம் இப்போதைய வடிவத்தில்தான் தட்டுகிறோம், யூனிகோடில் அந்த வடிவங்களுக்குத் தனி இடம் கிடையாது. வடிவம் வேறு, எழுத்துக்கூட்டல் வேறு என்று நமக்குப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர், "லையை மாற்றலாம், ஸமூகத்தை மாற்றக் கூடாதா?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ட்ரெடில் வீட்டுப் பையன் சொன்னது:

கும்பகோணத்துல அப்பா சின்னதா ஒரு பிரஸ் வெச்சிருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், வருஷத்துக்கு ரெண்டு மூணு புத்தகம். ட்ரெடில்னு சொல்ற மிதி அச்சு இயந்திரத்தோட சத்தத்துலதான் தூங்கி வளர்ந்தேன். அந்த மனுஷங்களைக் கொஞ்சம் தெரியும்ங்கிறதால சொல்றேன்.

விதிமுறைப் பக்கத்துக்குச் சுட்டி குடுத்துடாதீங்க. 'பதிப்பு நெறி', 'மூலப் பாடம்' எல்லாம் வேண்டாம். "ஐயா, இங்க காப்பியில உள்ளபடிதான்"னு ஒரு வரி போதும். காப்பின்னா, ஈய எழுத்தைக் கோர்க்கிற கம்பாசிட்டர் முன்னால கேஸ் மேல, அதாவது எழுத்தை அறை அறையாப் போட்டு வைக்கிற தட்டு மேல, செருகி வெச்சிருக்கிற கையெழுத்துத் தாள். காப்பியில உள்ளபடி கோர்க்கிறதுதான் அவங்க முதல் நாள் பாடம். புரூஃப் மேசைக்குப் போனதுக்கு அப்புறம்தான் ஒற்று, சந்தி எல்லாம். அவர் கடைசியா உட்கார்ந்தது புரூஃப் மேசையில. அந்த நாற்காலி ஞாபகத்துல இங்கயும் உட்கார்ந்துட்டார், அவ்வளவுதான். எந்த நாற்காலின்னு நீங்க சொல்லிட்டா போதும்.

அந்த லை, றா பத்தி மேல சொன்னாங்களே, 1978-ல எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தப்ப பதிமூணு எழுத்து மாறுச்சு. ணா, றா, னா, அதோட ஒகர ஓகாரம், அப்புறம் ணை, லை, ளை, னை. அப்பா பழைய எழுத்தைக் கேஸ்ல இருந்து பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சார், ஈயம்ல, தூக்கிப் போட மனசு வராது. எழுத்து போயிடுச்சு, கை போகலை. எங்க பிரஸ்ல இருந்த மூத்தவர் ரொம்ப நாள் வரைக்கும் பேசிக்கிட்டே பழைய லை இருந்த அறைக்குக் கையை விடுவார், காலியா இருக்கும், திட்டிக்கிட்டே பக்கத்து அறைக்குப் போவார். புது முறைக்கு மாத்துன்னு சொல்லி அந்த வயசுல கையைத் திருப்பினவங்க அவங்க. உங்க ஆள் பழைய ஸமூகத்தைப் பார்த்ததும் மாத்தினதுல எனக்கு ஆச்சரியமே இல்லை.

முக்கியமா, ஃபோன் நம்பர் கேட்டுடாதீங்க. எழுதுங்க. எழுத்துதான் அவங்களுக்குப் பேச்சு.

அரைவட்டம் சொன்னது:

வேலை குடுங்கன்னு கேட்டிருக்கார். நீங்க என்னடான்னா மன்னிப்பை எப்படி எழுதுறதுன்னு ஒரு வாரமா உட்கார்ந்திருக்கீங்க.

நீலம் போட்ட பக்கம் ஏதாவது வெச்சிருப்பீங்கல்ல, சிக்கல்னு ஒதுக்கினது? அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போய்க் கேளுங்க. சும்மா முகஸ்துதிக்குக் கேட்காதீங்க, நிஜமாவே உங்களுக்குத் தெரியாததா இருக்கட்டும். நான் அங்க தங்கினதுக்குக் காரணமே அதுதான். வந்த ரெண்டாம் நாள் யாரோ ஒருத்தர், நீங்க தஞ்சாவூர் பக்கமா, 'படப்பை'ன்னா என்னன்னு கேட்டார். வைக்கோல் போர் போட்டிருக்கிற கொல்லைன்னு நாலு பத்தி எழுதினேன். அப்படியே உட்கார்ந்துட்டேன்.

சேலத்துக்காரி, மூணு நாள் கழிச்சு:

சொன்னது எல்லாத்தையும் செஞ்சேன். பதினோரு மீளமைப்பையும் மீளமைச்சேன். ஒற்றெழுத்து சொன்னதுல ஒண்ணை மட்டும் மாத்திக்கிட்டேன்: முதல் பக்கத்துல மட்டும் ஒற்றை எடுத்து, பத்தியைச் சேர்த்து, ஸமூகத்தைப் பழையபடி வெச்சேன். மீதி பத்தையும் தொடலை. "ராத்திரி யோசிக்காம உங்க உழைப்பை அழிச்சுட்டேன் ஐயா, தப்பு என்னுது. இங்க காப்பியில உள்ளபடிதான். பழைய லை, றா மட்டும் புது வடிவத்துல. முதல் பக்கத்தை மாதிரிக்கு வெச்சிருக்கேன், மத்ததை நீங்க பாருங்க"ன்னு எழுதினேன். அதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு.

அரைவட்டம் சொன்ன மாதிரி நிஜமாவே தெரியாததைக் கேட்டேன். அதே புத்தகத்துல ஒரு பக்கம் எட்டு மாசமா நீலமா கிடக்கு. ஒரு சொல்லுல 'கா'வுக்கும் 'ம்'முக்கும் நடுவுல எழுத்து இல்லை. ரெண்டு தடிமனான கறுப்புக் கோடு, ஒண்ணு மேல ஒண்ணு, சமக்குறி மாதிரி. ஸ்கேன் கோளாறா, பூச்சி அரிச்சதா, மைக்கறையான்னு தெரியாம விட்டிருந்தேன்.

மறுநாள் காலையில 5.20-க்குப் பதில் வந்திருக்கு. அப்படியே ஒட்டுறேன்:

"அன்புள்ள அம்மாவுக்கு. கோபம் இல்லை. பேரன் ஊருக்குப் போயிருந்தான், பதில் எழுதும் இடம் எது என்று தெரியவில்லை. அந்தக் கறுப்பு கறை இல்லை. எழுத்தின் கால். கேஸில் ஒரு எழுத்து தீர்ந்துபோனால் அதே அகலமுள்ள வேறு எழுத்தைத் தலைகீழாகச் செருகி வரியை முடித்துவிட்டு மேலே போவோம். ஈய எழுத்தின் அடியில் நடுவே பள்ளம் உண்டு. அதனால் அச்சில் இரண்டு கட்டையாக விழும். எழுத்து வந்ததும் எடுத்துவிட்டுச் சரியானதைப் போட வேண்டும். புரூஃபில் பளிச்சென்று தெரியட்டும் என்றுதான் தலைகீழாக வைப்பது. இங்கே புரூஃப் பார்த்தவன் தூங்கிவிட்டான். கட்டையின் அகலத்தைப் பக்கத்து வரியோடு வைத்துப் பார்த்தேன். ர கிடையாது, ர ஒல்லி. ல வரலாம், ய வரலாம். காலமா காயமா என்பதை அகலம் சொல்லாது. வேறு பிரதி பார்க்காமல் போட வேண்டாம். நீலமாகவே இருக்கட்டும்."

எட்டு மாசமா பூச்சின்னு நினைச்சுட்டு இருந்தேன்!

அதுக்குக் கீழயே இன்னொரு வரி. "ஒற்று போட்டது கைப்பழக்கம், ஒப்புக்கொள்கிறேன். பத்தி பிரித்ததும் நான்தான். ஆனால் ஸமூகத்தை நான் திருத்தவில்லை. ஸ எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கேஸில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இந்தப் பலகையில் மூன்று நாள் தேடிவிட்டு ச போட்டேன்."

நான் இங்க வந்து பெரிய பத்தியா விதி, மரியாதை, மன்னிப்புன்னு கேட்டுட்டு இருந்திருக்கேன். பேரன் அவருக்குத் தமிழ்99 விசைப்பலகை போட்டுக் குடுத்திருக்கான் போல. நான் அஞ்சல் முறையில, ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டித் தமிழ் வரவைக்கிறவ, எனக்கு அது தெரியாது. யாராவது சொல்லுங்களேன்.

ஒற்றெழுத்து சொன்னது:

ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு க்யூ, அது ஸ. அதே வரிசையில் டபிள்யூ ஷ, ஈ ஜ, ஆர் ஹ, டி க்ஷ, ஒய் ஸ்ரீ. ஒரு தாளில் பெரிதாக எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ட்ரெடில் வீட்டுப் பையன் சொன்னது:

தாள் எல்லாம் வேண்டாம். கேஸ்ல நூத்துக்கணக்கான அறையைப் பார்க்காம எடுத்த கை அது.

அப்புறம் அந்தத் தலைகீழ் எழுத்து! சின்ன வயசுல அப்பா தாளைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு "எவன்டா காலைக் காட்டிட்டுப் போனது"ன்னு கத்துவார். நான் யாரோ அவருக்கு மரியாதை இல்லாம காலை நீட்டிட்டு உட்கார்ந்துட்டாங்கன்னு நினைச்சுப்பேன்.

சேலத்துக்காரி:

ராத்திரி ஒற்றெழுத்து சொன்ன வரிசையை அப்படியே அனுப்பினேன். இப்பத்தான் ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி எட்டிப் பார்த்தேன். மீதி பத்துப் பக்கத்துலயும் ஒற்று எடுத்தாச்சு, பத்தி சேர்த்தாச்சு. ஸமூகம், ஸபை, ஸரஸ்வதி எல்லாம் அதது இடத்துல நிக்குது. நேரம் 4.50, 5.05, 5.15ன்னு ஓடுது. தொகுப்புச் சுருக்கத்துல பத்துக்கும் ஒரே வரி: "ஸ கிடைத்தது."

பச்சை போட வேண்டியது பத்துப் பக்கம் இருக்கு. ராத்திரி பார்க்கிறேன், பஸ் வந்துடுச்சு.