ஜப்பான் 'வீ' பெட்டியில் லினக்ஸ்: கோயில் தமிழ் வகுப்புக்கு உதவுமா?

தாமுவே செல்வம் கேட்கிறார்:

ரங்கூனில் ஜப்பான் பழைய சாமான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போன வாரம் அப்படி ஒரு கடையில், சோறு வடிக்கும் குக்கர்களுக்கும் பீங்கான் கிண்ணங்களுக்கும் நடுவே நின்டெண்டோ வீ என்ற வெள்ளை வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்று கிடந்தது. அது என்னவென்று கடைக்காரருக்கே தெரியாது. அவர் சொன்ன விலைக்கு வாங்கிவந்துவிட்டேன். வீடு வந்ததும் பொறுக்கவில்லை. அடாப்டரை நேராகச் சுவரில் செருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. திருப்பிப் பார்த்தால் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 230. ஜப்பான் எழுத்து தெரியாது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. எண் எல்லா மொழியிலும் எண்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். பர்மியப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. இந்தப் பெட்டியில் எடை குறைந்த லினக்ஸ் (கணினியை இயக்கும் இலவச மென்பொருள்) ஒன்றை ஏற்றி, கோயில் டிவியில் இணைத்து, விசைப்பலகை கொடுத்துத் தமிழ் தட்டப் பழக்கலாம் என்பது என் திட்டம். பெட்டி பிழைத்திருக்குமா? திட்டம் நடக்குமா? எங்கள் தெருவில் மின்சாரம் நான்கு மணி நேரம் வந்தால் நான்கு மணி நேரம் போகிறது, அதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

மோல்மீன் ரேடியோக்காரர்:

தம்பி, பெட்டி பெரும்பாலும் பிழைத்திருக்கும். அடி வாங்கியது அடாப்டர். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதன் வால், அதாவது பெட்டியில் செருகும் வயர், நமக்கு வேண்டும்.

அந்த அடாப்டர் வெளியே தருவது 12 வோல்ட், 3.7 ஆம்பியர். அதாவது வீ என்பது உள்ளபடியே ஒரு 12 வோல்ட் பெட்டி. கரண்ட் போனால் நாம் விளக்குக்கு வைத்திருக்கும் அதே பாட்டரி போதும், இன்வெர்ட்டர் வேண்டாம். ஓடும்போது ஏறக்குறைய 18 வாட், ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். 20 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியைப் பாதிவரை இறக்கினாலும் ஆறு மணி நேரம் தாங்கும். ஆனால் நேரடியாகக் கொடுக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது பாட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், இறங்கும்போது பன்னிரண்டுக்குக் கீழே போகும். வோல்ட்டை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த 12 வோல்ட் டிசி கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் வையுங்கள்.

வீயின் பிளக் கடையில் கிடைக்கிற மாதிரி அல்ல. செத்த அடாப்டரின் வாலை வெட்டிக்கொள்ளுங்கள் என்றது அதற்காகத்தான். எது நெகட்டிவ் என்று வயரின் நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். வாலைப் பெட்டியில் செருகி, மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனையை யூஎஸ்பி துளையின் தகரத்தில் தொடுங்கள். எந்த வயரில் சத்தம் வருகிறதோ அது நெகட்டிவ்.

அடுத்து லினக்ஸ். பெட்டிக்குள் இருப்பது 729 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி செயலி. நினைவகம் 24, 64 என்று இரண்டு துண்டாக மொத்தம் 88 எம்பி. சாதாரண கணினிக்கான லினக்ஸ் எதுவும் இதில் ஏறாது, பவர்பிசிக்கு ஆக்கியதுதான் வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் அந்த ஆதரவை எட்டாம் பதிப்பான ஜெஸ்ஸியோடு நிறுத்திவிட்டது. அதனால் அந்தப் பழைய ஜெஸ்ஸியை எடுத்து, வீ பெட்டிக்கென்றே தைத்த கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) எஸ்டி அட்டையில் போட வேண்டும். அட்டையை இரண்டாகப் பிரித்து, முதல் பிரிவை ஃபேட் வடிவிலும் இரண்டாவதை இஎக்ஸ்டி3 வடிவிலும் அமையுங்கள். ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் இடம்) யூஎஸ்பி குச்சியில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு சிறு மென்பொருளை நிறுவுவதற்குள் உலையில் போட்ட அரிசி குழைந்துவிடும்.

நின்டெண்டோவின் பூட்டைத் தாண்டி உள்ளே நுழைய வழி, வீயின் கடிதப் பகுதி வழியாகப் புகும் லெட்டர்பாம் என்ற தந்திரம். பெட்டியின் மெனு பதிப்பு 4.3 ஆக இருக்க வேண்டும். ஜப்பான் பெட்டியில் வேறு மொழிக்கு மாற்ற முடியாது, படங்களைப் பார்த்துத்தான் போக வேண்டும். கீழே வலப்பக்கம் இருக்கும் கடித உறை படம்தான் அந்தக் கடிதப் பகுதி. வெளி மென்பொருளை ஓட்டும் ஹோம்பிரூ சேனல் வந்ததும் வேறெதையும் தொடாமல் பூட்மீ என்ற காப்பு மென்பொருளைப் போட்டு, பெட்டிக்குள் இருக்கும் 512 எம்பி சேமிப்பகம் முழுவதையும் எஸ்டி அட்டைக்கு நகல் எடுங்கள். பூட்மீ மெனுவில் பவர் பொத்தான் நகர்த்தும், ரீசெட் தேர்ந்தெடுக்கும்.

இத்தனையும் செய்த பிறகு உங்கள் திட்டம் நடக்குமா என்றால், நடக்காது. லினக்ஸின் கறுப்புத் திரைக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. 'கெ' என்று அடித்தால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் நிற்கும். முதல் நாளே பிள்ளைகள் தப்பாகக் கற்றுக்கொள்வார்கள். வரைகலைத் திரையைக் கொண்டுவந்தால் சரியாக வரும், ஆனால் 88 எம்பியில் அது நொண்டும். போதாததற்கு மஞ்சள் வயரில் வரும் 640க்கு 480 படத்தில் ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தெரியும்.

ஆனால் வேறு வழி உண்டு. பெட்டியை டிவியில் மாட்டாதீர்கள். லைட்டிபிடி என்ற சிறிய வெப் சர்வரை (பக்கங்களை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள்) மட்டும் அதில் ஓட்டுங்கள். பாடப் பக்கங்களையும் உங்கள் குரலில் பதிந்த உச்சரிப்புகளையும் எஸ்டி அட்டையில் வையுங்கள். யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றால் வீட்டு ரூட்டரோடு இணையுங்கள். பிள்ளைகள் அம்மாவின் கைப்பேசியில் பார்க்கட்டும். எழுத்தைக் கோப்பது கைப்பேசியின் வேலை, பெட்டிக்கு அந்தச் சுமை இல்லை. கெர்னல் கிழடு என்பதால் வெளி இணையத்தோடு மட்டும் சேர்க்க வேண்டாம்.

இன்செயின் பாலு:

சோனியின் விளையாட்டுப் பெட்டியான பிஎஸ்3 கிடைத்தால் விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வந்தேன். 256 எம்பி நினைவகம், வன்தட்டு, அதில் ஓடும் எல்லோ டாக் என்ற லினக்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 புதுப்பிப்பு லினக்ஸ் வசதியையே நீக்கிவிட்டது. ஒல்லி மாடலில் தொடக்கத்திலிருந்தே அது இல்லை. தடித்த மாடல் விழுங்கும் மின்சாரத்துக்கு உங்கள் பாட்டரி அரை மணியில் படுத்துவிடும். ரேடியோக்காரர் அண்ணன் சொல்வதே சரி. (வெறும் பழைய கைப்பேசி ஒன்றே இந்தச் சர்வர் வேலையைச் செய்யும் என்பதை இருவரும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன்.)

மோல்மீன் ரேடியோக்காரர்:

செய்யும்தான் பாலு. ஆனால் தம்பி கைப்பேசியை வாங்கவில்லையே, வீயை அல்லவா வாங்கியிருக்கிறார்.

தாமுவே செல்வம்:

மூன்று வாரம் ஆயிற்று, பெட்டி ஓடுகிறது. ஆத்திசூடியையும் உயிர்மெய் வரிசையையும் ஏற்றியிருக்கிறேன். ஒரு தடுமாற்றம் தமிழில் வரவில்லை, பர்மிய மொழியில் வந்தது. சொற்பொருளை இரு மொழியிலும் போட்டிருந்தேன். இரண்டு பழைய கைப்பேசிகளில் இன்னும், உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு ஒத்துவராத பழைய பர்மிய ஸாஜி எழுத்துரு. பர்மிய வரிகள் எல்லாம் சிதறிவிட்டன. 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியது என்றார்கள், அந்த வீடுகளுக்குச் செய்தி போகவில்லை போலும். தமிழுக்கு முன்பு டிஸ்கி, டாப் என்று வெவ்வேறு எழுத்துக் குறியீடுகளால் இருந்த அதே தொல்லை. அந்த இரண்டு பிள்ளைகளையும் பக்கத்துப் பிள்ளையின் கைப்பேசியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

'ழ' உச்சரிப்புப் பதிவைத்தான் அதிகம் கேட்கிறார்கள். என் குரலைக் கேலி செய்யத்தான் என்று பிறகு தெரிந்தது.

அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். ரூட்டரும் 12 வோல்ட், 1 ஆம்பியர்தான். அதற்கும் தனிக் கன்வெர்ட்டர் வேண்டுமா?

மோல்மீன் ரேடியோக்காரர்:

வேண்டாம். இப்போது இருப்பது 5 ஆம்பியருக்குக் குறையாமல் தாங்கும் என்றால் இரண்டுக்கும் போதும். ரூட்டருக்குப் போகும் வயரில் ஒரு ஃபியூஸ் போடுங்கள்.