டைனிஎம்சிஇ 7: எக்செல் விலை அட்டவணையை ஒட்டினால் பக்கம் கலைகிறது

மஞ்சமண்டி:
ஈரோடு மஞ்சள் ஏல விலையைத் தினமும் போடற சைட்டுங்க. பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல், ஷேர்டு ஹோஸ்டிங். சும்மா டெக்ஸ்ட்ஏரியாவா (வெறும் டைப் பண்ற பெட்டி) இருந்ததுல டைனிஎம்சிஇங்கற எடிட்டரை வெச்சிருக்கேன். அவங்க சர்வர்ல இருந்தே எடுக்கற சிடிஎன் லிங்க் போட்டா ஏபிஐ கீ (அனுமதிக் குறியீடு) கேக்குது. எக்செல்லுல இருந்து விரலி, கிழங்குன்னு ரெண்டு மஞ்சள் ரக விலையை ஒட்டினா அட்டவணை போன் திரையத் தாண்டிப் போகுது. சேவ் அமுக்கினா சில நேரம் ஒண்ணுமே நடக்கறதில்லைங்க. எங்கெங்க மாத்தோணும்?

நொய்யல்கரை:
கீ வேண்டாமுங்க. ஜிப் ஃபைலை இறக்கி உங்க சர்வர்லயே வெச்சுக்கலாம். மெயின் ஜேஎஸ் ஃபைல் ஒண்ணை மட்டும் ஏத்தினா எடிட்டர் வராது. தீம், மாடல், ஸ்கின், ஐகான், பிளகின் எல்லாத்தையும் அது பக்கத்து ஃபோல்டர்ல தேடும். முழு ஃபோல்டரையும் ஏத்துங்க. எடிட்டரைத் தொடங்கற இனிட் கோடுல லைசென்ஸ் கீக்கு ‘ஜிபிஎல்’னு சின்ன எழுத்துல கொடுங்க. (லைசென்ஸ் 6ல எம்ஐடி, 7ல இருந்து ஜிபிஎல். உங்க சைட்டுக்குப் பிரச்சினை இல்லை. மூடின சாஃப்ட்வேருக்குள்ள வெச்சு விக்கறவங்கதான் யோசிக்கோணும்.)

டூல்பார்ல டேபிள்னு எழுதினாப் பத்தாது, பிளகின் வரிசைலயும் இருக்கோணும். இல்லைன்னா பட்டனே தெரியாது. ஃபான்ட், கலர் பட்டனை எடுத்துருங்க. தினமும் அஞ்சாறு பேர் டைப் பண்ற இடத்துல அது இருந்தா ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நிறத்துல நிக்கும்.

சேவ் ஆகாததுக்கு டெக்ஸ்ட்ஏரியால ‘ரெக்வயர்டு’ (காலியா விடக்கூடாதுங்கற குறிப்பு) இருக்குதான்னு பாருங்க. எடிட்டர் அந்தப் பெட்டியை மறைச்சுருது. அது காலியா இருந்தா, மறைஞ்ச பெட்டிக்குக் கர்சரைக் கொண்டுபோக முடியாம பிரவுசர் ஃபார்மை அப்படியே நிறுத்திரும். கன்சோல்ல மட்டும் பிழை தெரியும். அந்த ‘ரெக்வயர்டை’ எடுத்துட்டு, காலியான்னு சர்வர்ல பாருங்க. அஜாக்ஸ்ல (பக்கம் மாறாம பின்னணில) அனுப்பறீங்கன்னா, எடிட்டர் உரையை டெக்ஸ்ட்ஏரியாக்கு எழுதற ட்ரிகர்சேவை முதல்ல கூப்பிடோணும். இல்லாட்டிப் பழைய உரைதான் போகும்.

பவானிக்கூடல்:
ஒட்டும் விஷயத்துக்கு வருகிறேன். ‘பேஸ்ட் ஆஸ் டெக்ஸ்ட்’ போடாதீர்கள், அட்டவணையே போய்விடும். ஒட்டியதை உள்ளே சேர்க்கும் முன் திருத்த உதவும் பேஸ்ட் போஸ்ட்பிராசஸ் என்ற இடத்தில், வந்த நோடுக்குள் (ஒட்டிய பகுதிக்குள்) ஸ்டைல், விட்த், ஹைட் ஆட்ரிபியூட்களையும் கோல்குரூப்பையும் (நெடுவரிசை அகலம் சொல்லும் டேக்) நீக்குங்கள். எக்செல் அகலத்தைப் பிக்சலில் கட்டி அனுப்புவதால்தான் போனில் வழிகிறது. வெளிப் பக்கத்தில் அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ், அதற்கு ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஆட்டோ; அகலம் மிஞ்சினால் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும்.

பழைய வேர்டு கோப்பு பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபான்ட்) இருந்தால் கவனம். அதில் ‘இ’ என்பது கமா, ‘ஈ’ என்பது ‘சிறியது’ குறியான ‘<’. ஃபான்ட் பெயர் கழன்றதும் ஈரோடு என்ற ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள்.

டேட்டாபேஸில் உரையை வைக்கும் காலம் (நெடுவரிசை) டெக்ஸ்ட் வகையா? கொள்ளளவு 65,535 பைட். யூடிஎஃப்8ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் தனிக் குறி என்பதால் ‘மஞ்சள்’ மட்டும் 18. அப்லோடு யூஆர்எல் கொடுக்காவிட்டால் ஒட்டிய படம் பேஸ்64ஆக (எழுத்துகளாக மாற்றிய வடிவில்) உரைக்குள்ளேயே உட்கார்ந்து, மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 50 கேபி படம் ஒன்றே காலத்தை நிரப்பிவிடும். காலத்தின் வகையைப் பெரிய கொள்ளளவுள்ள மீடியம்டெக்ஸ்ட் என்றும், எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4 என்றும் வையுங்கள். படத்தை வாங்கும் பிஹெச்பி ஃபைல் ‘லொகேஷன்’ என்ற கீயில் முகவரியை ஜேசனாகத் திருப்பவேண்டும். பிஹெச்பியின் இயல்பு அப்லோடு வரம்பு 2 எம்பிதான். போன் படம் அதைத் தாண்டும்.

சேமிக்கும் முன், ஹெச்டிஎம்எல் பியூரிஃபையர் என்ற பிஹெச்பி நூலகத்தில் வடிகட்டுவது கட்டாயம். எடிட்டரின் வடிகட்டல் பிரவுசரோடு சரி; எடிட்டரைத் தொடாமலே ஸ்கிரிப்டை நேராக சர்வருக்கு அனுப்பலாம்.

மஞ்சமண்டி:
அகலம் சரியாயிருச்சுங்க, சேவும் ஆகுது. பியூரிஃபையர் போட்டதும் ‘விரலி’ தலைப்பு ரெண்டு கட்டத்துக்கு இருந்தது ஒரே கட்டமாச்சு.

பவானிக்கூடல்:
பியூரிஃபையரின் அனுமதிப் பட்டியலில் டிடி, டிஹெச் (அட்டவணைக் கட்டங்களின் டேக்) இரண்டுக்கும், கட்டங்களை இணைக்கும் கோல்ஸ்பேன், ரோஸ்பேன் சேருங்கள். மாற்றிய பிறகு அந்தப் பதிவை மறுபடி எக்செல்லில் இருந்து ஒட்டவேண்டும். சேமித்ததில் அது ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது.